கால் வந்தது, கதவு திறந்ததா?

"செயற்கைக் கால்கள் வழங்கும் விழா!" ஏடுகளிலே அடிக்கடி காணும் தலைப்பு இது. பந்தல் உண்டு, பாராட்டுரை உண்டு, பன்னீர் தெளித்து வரவேற்பும் உண்டு. நாற்காலிகளில் வரிசையாகச் சிலர் அமர்த்தப்பட்டிருப்பார்கள். மாலையுடன் வந்த பிரமுகர் குனிவார், பொருத்தப்பட்ட காலைத் தொடுவார், தொட்ட கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்ப்பார். காலுக்குரியவனை அல்ல, காமிராவை! மறுநாள் படம் வரும். இத்தனை கால்கள் வழங்கப்பட்டன என்ற கணக்கு அறிக்கையில் ஏறும். பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பந்தல் பிரித்த மறுநாள் அந்த மனிதன் எங்கே போனான்? பேருந்தில் ஏறினானா? ஏறும்வரை வண்டியை நிறுத்தி வைத்தார்களா? பத்தாண்டு உழைத்த ஆலையின் வாயிலில் அவனை உள்ளே விட்டார்களா? ஆறு திங்கள் கழித்து அந்தக் கால் அவன் உடலோடு இருக்கிறதா, பரண்மீது கிடக்கிறதா? விழா எடுப்போர் எண்ணுவது கொடுத்த கால்களை. நடந்த நடையை எண்ணுவாரைத்தான் காணோம்.

கால் கொடுப்பது வீண் வேலை என்று நாம் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். கொடுக்கட்டும், இன்னும் நிறையக் கொடுக்கட்டும். ஆனால் காலைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று கைகழுவுகிறார்களே, அதைத்தான் கேட்கிறோம். இயந்திரத்தின் பல்லுக்கும், ரயிலின் சக்கரத்துக்கும், சாலை விபத்துக்கும், சர்க்கரை நோய்க்கும் காலைப் பறிகொடுத்தோர் இந்த நாட்டில் கொஞ்சமல்ல. அவர்களிலே பெரும்பாலோர் உடலுழைப்பை நம்பி வாழ்பவர்கள். ஆகவே இது பரிதாபத்தைப் பற்றிய பேச்சல்ல, தோழர்களே. பாட்டாளியின் பிழைப்பைப் பற்றிய பேச்சு.

ஜெய்ப்பூர் என்றதும் பலருக்கு அரண்மனைகள் நினைவுக்கு வரும். நமக்கு நினைவுக்கு வரவேண்டியது ஒரு பட்டறை! சவாய் மான்சிங் மருத்துவமனையை ஒட்டிய பட்டறை. 1960-களில் அங்கே எலும்பு மருத்துவத்துக்குப் பொறுப்பேற்றிருந்தவர் டாக்டர் பி.கே. சேத்தி. எடின்பரோவில் பட்டம் பெற்றவர். அந்நாளில் கால் இழந்தோருக்குப் பொருத்தியது மேல்நாட்டு வகைப் பாதம். கணுக்கால் அசையாது, குதிகாலில் மட்டும் மெத்தை, அதன்மேல் பூட்சு போட்டே தீரவேண்டும். நாற்காலியில் அமர்ந்து, மேசையில் உண்டு, பூட்சைக் கழற்றாமலே பொழுதைக் கழிப்பவனுக்கு அது பொருத்தமான பாதந்தான். நம் நாட்டு உழவனுக்கு? அவன் சேற்றில் இறங்குகிறான், சம்மணமிட்டு உண்கிறான், குத்திட்டு உட்கார்ந்து களை பறிக்கிறான், அப்படியே அமர்ந்துதான் காலைக்கடனும் கழிக்கிறான். வீட்டு அடுக்களைக்குள் செருப்போடு நுழைந்தால் கிழவி கரண்டியை எடுத்துக்கொண்டு வருவாள்! பூட்சு போட்ட பாதத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்தார்கள். கையிலே ஊன்றுகோல் இருந்தது, காலைக் காணோம்.

"கொடுத்ததைப் போட்டுக்கொள்ளத் தெரியாத கூட்டம்" என்று ஏசிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம் அந்த மருத்துவர். அப்படிச் சொல்லும் பெரியவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். சேத்தி அப்படிச் சொல்லவில்லை. குற்றம் மனிதனிடமா, பாதத்திடமா என்று எண்ணிப் பார்த்தார். பாதத்திடந்தான் என்ற முடிவுக்கு வந்தார்.

அவருக்குத் துணையாக வாய்த்தவர் ராம் சந்திர சர்மா. மருத்துவமனையில் தொழுநோயாளருக்குக் கைவேலை கற்பிக்க வந்த கைவினைஞர். பள்ளிப் படிப்பு நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை என்பார்கள், கைப்படிப்போ கடல்! சைக்கிள் டயர் பழுதாகிக் கடைக்குப் போனபோது, தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றுவதைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்தது என்று கூறப்படுவதுண்டு. உள்ளே மரக்கட்டை, மென்மையான ரப்பர்ப் பஞ்சு. அதைச் சுற்றி டயருக்குப் பயன்படும் நூல் பின்னிய ரப்பர். எல்லாவற்றையும் அச்சிலிட்டு வேகவைத்து எடுத்தால், விரல்களோடு, தோலின் நிறத்தோடு ஒரு பாதம்! மேலே வளையும், பக்கவாட்டில் சாயும், குத்திட்டு உட்கார இடங்கொடுக்கும். பூட்சு வேண்டாம். வெறும் பாதமாகவே வயலில் இறங்கலாம். 1968-ல் உருப்பெற்ற அதைத்தான் இன்று உலகம் 'ஜெய்ப்பூர் கால்' என்கிறது. காலின் தண்டு முதலில் அலுமினியத் தகட்டில் அமைந்தது. பின்னாளில் பாசனத்துக்குப் பயன்படும் பிளாஸ்டிக் குழாய் வகையே அதற்கும் பயன்பட்டது. வயலுக்கு நீர் கொண்டு போகும் குழாய், வயலுக்கு மனிதனையும் கொண்டுபோய்ச் சேர்த்தது!

1981-ல் சேத்திக்கு மகசேசே பரிசு கிடைத்தது. தகுதியானவருக்குத் தகுந்த பரிசுதான், ஐயமில்லை. ஆனால் அச்சுப் பிடித்த அந்தக் கைவினைஞரின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? கட்டடத்தின் கல்வெட்டில் கொத்தனார் பெயர் இருப்பதில்லையே, அந்தக் கதைதான்.

1975-ல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் அமைப்பு, இந்தக் காலை இலவசமாகவே பொருத்தத் தலைப்பட்டது. நாடுகள் பலவற்றுக்கு அது போய்ச் சேர்ந்தது. ஈழத் தமிழர் வாழும் யாழ்ப்பாணத்திலே இயங்கும் மறுவாழ்வு நிலையத்தின் பெயரிலேயே ஜெய்ப்பூர் இருக்கிறது. போர் ஓய்ந்த பிறகும் ஓயாத போர் ஒன்று அந்த மண்ணுக்குள்ளே புதைந்து கிடந்தது. மிதிவெடி என்பார்கள் அங்கே. விறகு பொறுக்கப் போனவளையும் மாடு மேய்க்கப் போன சிறுவனையும் அது விடவில்லை. மிதிவெடியைத் தடை செய்யும் உலக உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில்தான். போர் முடிந்து எட்டாண்டுக்குப் பிறகு! துப்பாக்கி தூக்காதவனின் காலுக்கு அதுவரை காத்திருக்க முடியுமா? ராஜஸ்தான் பட்டறையில் பிறந்த பாதத்தைப் பூட்டிக்கொண்டுதான் வயலுக்குத் திரும்பினார்கள் பலர்.

ஆகவே, கால் என்ற சிக்கலுக்கு ஒரு கைவினைஞரும் ஒரு மருத்துவரும் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு முன்பே விடை கண்டுவிட்டார்கள். எப்படிக் கண்டார்கள்? இந்த நாட்டு மனிதன் எப்படி உட்காருகிறான், எப்படி உண்கிறான், எங்கே உழைக்கிறான் என்று பார்த்துக் கண்டார்கள். அதே பார்வை பேருந்து கட்டுபவனுக்கு இருந்ததா? சட்டம் எழுதுபவனுக்கு இருந்ததா? ஆலை நடத்துபவனுக்கு இருந்ததா?

அந்தக் காலோடு ஒரு நாளைக் கழித்துப் பார்ப்போம், கற்பனையில். நம் மக்கள் அதைப் 'பொய்க்கால்' என்பார்கள். பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் ஆடுபவன் பொழுது விடிந்தால் கட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் காலில் நடப்பான். இவனுக்கோ பொழுது விடிந்தால்தான் ஆட்டமே தொடங்குகிறது! மிஞ்சிய காலுக்கு முதலில் துணியுறை. பிறகு கிண்ணம் போன்ற குழிக்குள் அதைச் செலுத்த வேண்டும். வெட்டுண்ட இடம் நாளாக நாளாகச் சுருங்கும். நேற்றுப் பொருந்திய கிண்ணம் இன்று தளர்ந்து ஆடும். இன்னொரு உறை போட்டு இறுக்குவான். சித்திரை வெயிலில் வியர்வை உள்ளே தேங்கும், தோல் ஊறும், உராயும், கொப்புளம் காணும். கொப்புளம் வந்தால் காலைக் கழற்றி வைக்கவேண்டும். கழற்றி வைத்தால் அன்றைய கூலி போச்சு. முழங்காலுக்குக் கீழே இழந்தவனுக்கு நம்மைவிட ஏறக்குறையக் கால் பங்கு அதிக உழைப்பு செலவாகிறது வெறும் நடைக்கே. முழங்காலுக்கு மேலே இழந்தவனுக்குப் பாதிக்கும் மேலே. வேலைக்குப் போய்ச் சேருமுன்பே பாதி வேலை செய்துவிட்டு வருகிறான் அவன்! இரவில் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்தபின் தாகம் எடுத்தால், தண்ணீர்ப் பானை இருக்கும் மூலை தொலைதூரம். பெண்ணாயிருந்தால் சேலைக் கரை சிக்காமல் நடக்கவேண்டும், இடுப்பில் குடம், கையில் பிள்ளை. அந்த வேலைக்குச் சம்பளமும் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

இப்படிப்பட்ட கால், ஒருமுறை பூட்டினால் ஆயுளுக்கும் ஆகிவிடும் என்று நினைப்பது எவ்வளவு பேதைமை! பாதம் தேயும், கிண்ணம் மாற்றவேண்டும், வார் அறும். மத்திய அரசு 1981 முதல் நடத்திவரும் உதவிக்கருவித் திட்டத்தின் விதியிலே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: அதே உதவியை முந்தைய 3 ஆண்டுக்குள் பெற்றிருக்கக் கூடாது, 12 வயதுக்குட்பட்ட பிள்ளையாயிருந்தால் 1 ஆண்டு. தோலும் தசையும் விதிப்புத்தகம் படித்துச் சுருங்குகின்றனவா? பத்தாவது திங்களில் கிண்ணம் ஆடத் தொடங்கினால் மீதி நாளுக்கு என்ன வழி? கிழிந்த துணியைச் சுற்றிக்கொள்வதுதான் வழி. சைக்கிளுக்குத் தெருவுக்குத் தெரு பழுது பார்க்கும் கடை இருக்கிறது. காலுக்குப் பழுது பார்க்க மாவட்டத் தலைநகருக்கோ பெருநகருக்கோ போகவேண்டும். அதுவும் அந்தப் பழுதான காலோடுதான் போகவேண்டும்!

பேருந்துக்கு வருவோம். முதற்படி ஏறக்குறைய முழங்கால் உயரம். ஓட்டுநருக்கு நேரக் கணக்கு, நடத்துநருக்கு வசூல் கணக்கு. அவர்களும் நம் தோழர்கள்தாம், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. படியை உயரமாகக் கட்டச் சொன்னது யார் என்றுதான் கேட்கவேண்டும். சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் புதிதாக ஓடத் தொடங்கியபோது மகிழ்ந்தோம். அதற்கு முன் நீதிமன்றப் படியேறி வாதாட வேண்டியிருந்ததே! பேருந்துப் படி ஏற முடியாதவர்களை நீதிமன்றப் படி ஏற வைத்த நாடு இது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், கட்டடமும் போக்குவரத்தும் எல்லோருக்கும் எட்டவேண்டும் என்றது. அதற்கு விதி எழுதியவர்களோ, 'செய்தால் நல்லது' என்ற பாணியில் எழுதிவைத்தார்கள். 2024 நவம்பர் 8-ல் உச்சநீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கே முரண் என்று தள்ளி, கட்டாயமாக்கும் விதிகளை 3 திங்களில் வகுக்கச் சொன்னது. சட்டம் 'கட்டாயம்' என்றதை விதி 'விருப்பம்' என்று ஆக்கிவிட்டதைக் கண்டுபிடிக்க ஏழெட்டு ஆண்டு பிடித்தது!

நடிகை சுதா சந்திரனை அறியாதார் இல்லை. 1981-ல் திருச்சி அருகே நேர்ந்த விபத்தில் அடிபட்டு, கால் அழுகி, வெட்டப்பட்டது. நடனம் பயின்ற பெண். சேத்தியைப் பற்றி ஏட்டில் படித்து ஜெய்ப்பூருக்கே போனார். ரப்பர்ப் பாதத்தோடு மேடையில் ஆடினார். 'மயூரி'யாகப் படத்திலும் ஆடினார். நாடே கைதட்டியது. அதே பெண்மணி 2021 அக்டோபரில் ஒரு வேண்டுகோள் வெளியிட்டார். விமானமேறப் போகும்போதெல்லாம் காவலர்கள் காலைக் கழற்றச் சொல்கிறார்களாம்! கழற்றாமல் சோதிக்க வழி செய்யக் கூடாதா என்று கேட்டார். காவற்படை வருத்தம் தெரிவித்தது. நன்று. அவருக்குப் புகழ் இருந்தது, கேட்டார், வருத்தம் கிடைத்தது. பெயர் தெரியாத ஒருவன் கேட்டிருந்தால்?

நம் தோழனுக்கு விமான நிலையம் தேவையில்லை. அவனைத் தடுக்கும் கதவு வேறு: ஆலைக் கதவு.

கால் போன தொழிலாளிக்குச் சட்டம் என்ன தந்தது? 1923-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலே ஓர் அட்டவணை வைத்தார்கள். தொடையில் ஐந்து அங்குலத்துக்கு மேல் மிஞ்சவில்லையென்றால் 80 சதவிகிதம். நடுத்தொடைக்குக் கீழே முழங்காலைத் தாண்டி மூன்றரை அங்குலம் வரையில் வெட்டினால் 60. அதற்கும் கீழே போனால் 50. தையற்காரன் கால்சட்டைக்கு அளவெடுப்பதுபோல் அளந்து வைத்தார்கள்! எஞ்சிய காலை அளக்க அங்குலக் கோல் இருந்தது. எஞ்சிய பிழைப்பை அளக்கக் கோல் இல்லை. மேசையில் எழுதுபவனுக்கும் மூட்டை தூக்குபவனுக்கும் அதே 60 என்றால் அது நீதியா? ஒரிசாவில் சினிமாக் கொட்டகையில் வேலை செய்தபோது விழுந்து கையை இழந்த தச்சர் ஒருவர் வழக்கில், 1975 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது: ஒற்றைக் கையால் தச்சுவேலை ஆகாது, ஆகவே அவருக்கு இழப்பு முழு இழப்பே. 2010 அக்டோபரில் ஒரு விபத்து வழக்கிலும் அதே நீதிமன்றம், உடலின் ஊனம் வேறு, வருவாயின் ஊனம் வேறு என்று பிரித்துக் காட்டியது. கைக்குச் சொன்ன நீதி காலுக்கும் பொருந்தும். பழைய சட்டங்கள் புதிய தொகுப்புகளாகி 2025 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. இந்தத் தீர்ப்புகளைச் சங்கச் செயலாளர்கள் மறந்துவிடக் கூடாது.

பணம் கிடைக்கும். வேலை?

பாதுகாப்புப் பணியில் இருந்த காவலர் ஒருவருக்குப் பணியின்போது இடக்காலில் அடி, கால் எடுக்கப்பட்டது. "நீ இனி உதவாய்" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். 2003 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 1995-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, அப்படி அனுப்பக் கூடாது என்றது. அந்தப் பாதுகாப்பை 2016-ம் ஆண்டுச் சட்டமும் 20-ம் பிரிவில் காத்து வைத்திருக்கிறது. பணியிலிருக்கும்போது ஊனம் நேர்ந்தால் நீக்கக் கூடாது, பதவியிறக்கக் கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே ஊதியத்தில் மாற்று வேலை. மாற்று வேலை இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு பெறும்வரை உபரிப் பதவி. எவ்வளவு அருமையான பிரிவு! படிக்கும்போதே நெஞ்சு குளிர்கிறது. ஆனால் யாருக்கு? "அரசு நிறுவனம்" என்று தொடங்குகிறது அந்தப் பிரிவு. அந்த இரண்டே சொல், ஆலைத் தொழிலாளியை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறது.

தனியாருக்கு அதே சட்டம் என்ன சொல்கிறது? சம வாய்ப்புக் கொள்கை என்று ஒன்றை எழுதி வெளியிடச் சொல்கிறது. நூற்றுக்கு ஐந்து பேரேனும் மாற்றுத்திறனாளராக இருந்தால் ஊக்கம் தரச் சொல்கிறது அரசை. அரசு அலுவலகத்துக்கு ஆணை, ஆலை முதலாளிக்கு ஆசைவார்த்தை! இன்னொரு பக்கம், 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம், 'தொடர்ந்த உடல்நலக் குறைவு' என்று சொல்லி அனுப்புவதை ஆட்குறைப்பு என்ற கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருந்தது. அலுவலக எழுத்தர் வீட்டிலே வழுக்கி விழுந்து கால் போனாலும் அவருக்கு வேலை உண்டு. ஆலையின் இயந்திரமே காலைத் தின்றாலும் தொழிலாளிக்கு வேலை உறுதியில்லை. எழுத்தருக்குக் கிடைத்ததில் நமக்குப் பொறாமை இல்லை. அவருக்குக் கிடைத்தது இவனுக்கு ஏன் கிடையாது என்பதே கேள்வி.

"கால் இல்லாதவனுக்கு ஆலையில் என்ன வேலை?" என்று முதலாளி கேட்பான். ஒரு காலத்தில் மேல்நாட்டுப் பாதம் செய்தவனும் இப்படித்தான் கேட்டிருப்பான், "குத்திட்டு உட்கார என்ன அவசியம்?" என்று. பண்டகசாலைக் கணக்கு, தரப் பரிசோதனை, கருவி தீட்டும் மேசை, வாயிற் பதிவு, அமர்ந்து இயக்கும் எத்தனையோ இயந்திரங்கள். இவற்றுக்கெல்லாம் கண்ணும் கையும் அனுபவமுந்தான் வேண்டும். இருபதாண்டு தறியோடு பழகியவனுக்குச் சத்தத்தைக் கேட்டே எந்த நூல் அறுந்தது என்று தெரியும். அந்த அறிவு முழங்காலுக்குக் கீழேயா இருந்தது, காலோடு போய்விட?

தமிழகச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில், நகராட்சி, ஊராட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளர்களை நியமன உறுப்பினராக்கச் சட்டம் திருத்தியது. ஊரின் தெருவையும் படியையும் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் அந்தப் படியில் தடுமாறியவனே உட்கார வழி பிறந்திருக்கிறது. ஊராட்சி மன்றத்திலே இடம் என்றால், தொழிற்சங்கத்தின் செயற்குழுவிலே ஏன் இல்லை? நம் சங்கங்களிலே கால் இழந்த தோழர் எத்தனை பேர் பொறுப்பிலே இருக்கிறார்கள்? மாடிமீது அலுவலகத்தை வைத்துக்கொண்டு அவரைக் கூட்டத்துக்கு அழைக்கிற சங்கங்களும் உண்டு. முதலாளியைக் கேட்கும்போதே இதையும் கேட்டுக்கொள்வோம்.

20-ம் பிரிவின் "அரசு நிறுவனம்" என்பது "எல்லா நிறுவனமும்" என்று மாறவேண்டும். அதற்கு நாடாளுமன்றம் வேண்டும், நாளாகும். ஆலைக்குள்ளே போடும் ஊதிய ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றம் வேண்டாம். அடுத்த பேச்சுவார்த்தை தொடங்குமுன், ஒவ்வொரு பிரிவிலும் அமர்ந்து செய்யக்கூடிய வேலைகள் எவை, எத்தனை என்று பட்டறைத் தோழர்களே எண்ணி ஒரு பட்டியல் எழுதட்டும். பணியில் கால் இழந்தவருக்கு அந்தப் பட்டியலிலிருந்து அதே ஊதியத்தில் வேலை, காலைப் பழுது பார்க்கச் சம்பளத்தோடு விடுப்பு, கிண்ணம் மாற்ற ஆகும் செலவு ஆலையின் கணக்கில்: இந்த மூன்றையும் கோரிக்கைத் தாளில், பஞ்சப்படிக்குப் பக்கத்திலேயே எழுதி மேசைமீது வைக்கட்டும்.